'அம்மா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானஸ்நானம்' – தண்ணீரில் இறங்குவது எதற்காக?

"பெரியம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை காலையில போர்ட்டிக்சன்ல எனக்கு ஞானஸ்நானம். நீங்களும் பெரியப்பாவும் கண்டிப்பா வரணும்."

இப்படி ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வருவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள், ஒரே மாரியம்மன் கோயில் திருவிழாவில் பால்குடம் எடுத்தவர்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஒரு கிறிஸ்தவச் சபைக்குப் போகத் தொடங்கியிருப்பார். சில ஆண்டுகள் கழித்து இந்த அழைப்பு வரும்.

படித்த பெரியம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியாது. கல்யாணம் என்றால் மொய் எழுதலாம். காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் உண்டு. இதற்கு எதைக் கொண்டு போவது? போய் நின்றால் நம்மையும் தண்ணீரில் இறக்கிவிடுவார்களா? பையன் பெயரை மாற்றிக்கொள்வானா? இவற்றுக்கெல்லாம் அடியில், வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கும்: இனி அவன் நம் வீட்டுப் பிள்ளையா, இல்லையா?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், தண்ணீரில் நடப்பது என்ன என்பது முதலில் தெரிய வேண்டும்.

கரையில் நின்றால் காண்பது

பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் போன்ற சபைகளில் ஞானஸ்நானம் என்றால் முழு உடம்பும் தண்ணீருக்குள் போய் வருவது. சொந்தக் கட்டடம் உள்ள சபைகள் சிலவற்றில் மேடைக்கு அருகிலேயே இடுப்பளவு ஆழத்தில் ஒரு தொட்டி கட்டியிருப்பார்கள். கடைவீட்டு மாடியில் கூடும் சிறு சபைகளுக்கு அந்த வசதி இருக்காது. அவர்கள் கடலுக்கோ ஆற்றுக்கோ போவார்கள், அல்லது காற்றடைத்த நீச்சல் தொட்டி ஒன்றை வாங்கி நிரப்பிக்கொள்வார்கள். எந்தத் தண்ணீர் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. கடல் நீருக்கு ஆற்று நீரைவிடப் புண்ணியம் அதிகம் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

பெறுபவர்கள் பெரும்பாலும் வெள்ளை அங்கி அணிந்திருப்பார்கள். உள்ளே கறுப்புச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுவரும்படி பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். வெள்ளைத் துணி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பாட்டு, பிறகு ஒரு சிறு பிரசங்கம். அதற்குப் பின், தண்ணீரில் இறங்கப்போகிற ஒவ்வொருவரும் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேசுவார்கள். இதைச் 'சாட்சி' என்பார்கள். குடி, கடன், அப்பா இறந்த பிறகு தூக்கமில்லாமல் கிடந்த நாட்கள், யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு கோபம் எனப் பல விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும். அழைப்பை ஏற்றுப் போன உறவினர் தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி முதன்முறையாகக் கேட்கும் செய்தியும் அதில் இருக்கலாம்.

பிறகு ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்குவார்கள். போதகரும் இன்னொருவரும் இரு பக்கமும் நிற்பார்கள். இயேசுவை உன் இரட்சகராக விசுவாசிக்கிறாயா, பழைய வாழ்க்கையை விட்டு அவரைப் பின்பற்ற முடிவு செய்திருக்கிறாயா என்ற பொருளில் ஓரிரு கேள்விகள். ஆம் என்று பதில் வந்ததும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூன்று பெயர்களையும் சொல்லி, கைகளை மார்பின்மேல் மடித்து மூக்கைக் கைக்குட்டையால் பிடித்திருப்பவரை மல்லாக்கச் சாய்த்து, முழுக வைத்து, உடனே தூக்கிவிடுவார்கள். தண்ணீருக்கடியில் இருப்பது இரண்டு விநாடிகூட இருக்காது. நீச்சல் தெரியாதவர்களும் வயதானவர்களும் பயப்படும் கட்டம் அந்த இரண்டு விநாடிதான். கரையில் கைத்தட்டலும் பாட்டும் எழும். துண்டு போர்த்திக்கொண்டு உடை மாற்றப் போவார்கள். அவ்வளவுதான் சடங்கு. தேங்காய் உடைப்பதில்லை, நல்ல நேரம் பார்ப்பதில்லை, தட்சிணையும் இல்லை.

வேடிக்கை பார்க்கப் போனவரை யாரும் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். தானாக விரும்பிக் கேட்காதவருக்குக் கொடுப்பது ஞானஸ்நானமே ஆகாது என்பதுதான் இந்தச் சபைகளின் அடிப்படைக் கொள்கை.

குளியல் அல்ல, அடக்கம்

இந்துக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இதைப் பார்த்ததும் தீர்த்தமாடுவது நினைவுக்கு வரும். மாசிமகத்துக்குக் கடலில் இறங்குகிறோம், காசிக்குப் போனால் கங்கையில் முங்கி எழுகிறோம். பாவம் கழுவப்படுகிறது என்ற எண்ணம் ஞானஸ்நானத்திலும் உண்டு. புதிய ஏற்பாட்டில் கழுவுதல் என்ற சொல்லாகவே அது வருகிறது.

ஆனால் மல்லாக்கச் சாய்த்து முழுக வைப்பதற்குக் காரணம் வேறு. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் ஞானஸ்நானத்தை ஒரு அடக்கமாக விளக்குகிறார். கிறிஸ்து இறந்தார், அடக்கம் பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார். தண்ணீருக்குள் போகிறவர் தம் பழைய வாழ்க்கையை அவரோடு அடக்கம் செய்கிறார். வெளியே வரும்போது புதிய வாழ்க்கைக்குள் எழுந்திருக்கிறார். பிணத்தைக் கிடத்துவதுபோல் கிடத்தித் தூக்குவது இந்தப் பொருளைக் கண்ணுக்குக் காட்டத்தான்.

தீர்த்தமாடுவதை ஆண்டுதோறும் செய்யலாம். அடக்கத்தை இரண்டு முறை செய்ய முடியாது. அதனால்தான் ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை.

தண்ணீருக்கே ஏதேனும் சக்தி உண்டா? இல்லை என்பதே இந்தச் சபைகளில் பெரும்பாலானவை சொல்லும் பதில். மீட்பு விசுவாசத்தினால் வருகிறது, தண்ணீர் அதன் வெளி அடையாளம் என்பார்கள். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்வன் ஒருவன் கடைசி நேரத்தில் மனம் திரும்பினான். அவனுக்கு ஞானஸ்நானம் பெற நேரமே இருக்கவில்லை, ஆனாலும் பரதீசு வாக்களிக்கப்பட்டது என்று லூக்கா நற்செய்தியைக் காட்டுவார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் மீட்பு இல்லை என்று போதிக்கும் சபைகளும் இருக்கின்றன. அவர்கள் மாற்கு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்.

அடையாளம்தான் என்றால் எதற்கு இவ்வளவு சிரமப்பட்டுக் கடலுக்குப் போக வேண்டும்? தாலியை வைத்துச் சிந்தித்தால் புரியும். தாலி கட்டியதால் ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பு பிறந்துவிடுவதில்லை. ஆனால் ஊர் பார்க்கக் கட்டிய பிறகு, கட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இயேசுவே யோர்தான் ஆற்றில் யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றார் என்பதும், தம் சீடர்களிடம் கடைசியாகச் சொல்லிப்போன கட்டளைகளில் இது இருக்கிறது என்பதும் விசுவாசிகள் சொல்லும் மற்ற இரு காரணங்கள். அந்த யோர்தான் கரையில், இன்றைய ஜோர்டான் நாட்டில் உள்ள அல்-மக்தாஸ் என்ற இடத்தை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒரு சொல்லின் வேடிக்கை

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. மூல மொழியான கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கு முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். தமிழ்ப் புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் அது ஞானஸ்நானம். இன்றைய கத்தோலிக்க வழக்கிலும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பிலும் அது திருமுழுக்கு. குடமுழுக்கு என்று நாம் கோயிலுக்குச் சொல்கிறோமே, அதே முழுக்குதான்.

வேடிக்கை என்னவென்றால், 'முழுக்கு' என்று சொல்லும் கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் தலையில் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முழுக்கியே ஆக வேண்டும் என்று வாதாடும் பெந்தெகொஸ்தேக்காரர்களோ 'ஸ்நானம்' என்கிறார்கள். சொற்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் இருவருக்குமே பொருத்தமாக இருந்திருக்கும்.

குழந்தையா, வளர்ந்தவரா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இருக்கும் பழைய சபைகளான கத்தோலிக்க, ஆங்கிலிகன், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகள் கைக்குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுக்கின்றன. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் சார்பில் பதில் சொல்வார்கள். குழந்தை வளர்ந்து, படித்து, தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடுவது பின்னால் திடப்படுத்தல் அல்லது உறுதிப்பூசுதல் என்ற சடங்கில் நடக்கும். கடவுளின் அருள் நம் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை, அது முந்திக்கொண்டு வருகிறது என்பது அவர்களுடைய நியாயம். அப்போஸ்தலர் காலத்தில் வீட்டார் அனைவரும் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்ற நிகழ்ச்சிகளையும் எடுத்துக் காட்டுவார்கள்.

விசுவாசிகளின் ஞானஸ்நானத்தை வலியுறுத்தும் சபைகள், முதலில் நம்பிக்கை, பிறகுதான் தண்ணீர் என்கின்றன. அவற்றில் குழந்தையை முன்னே கொண்டுவந்து ஜெபித்து ஒப்புக்கொடுக்கும் வழக்கம் மட்டும் உண்டு.

வாதம் இன்று நேற்று தொடங்கியதல்ல. சுமார் கி.பி. 200ஆம் ஆண்டிலேயே வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த தெர்த்துல்லியன், சிறு பிள்ளைகளுக்கு அவசரப்பட வேண்டாம், அறிந்துகொள்ளும் வயது வரட்டும் என்று எழுதினார். அவர் தடுக்கிறார் என்றால் அப்போதே யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள். எப்படிக் கொடுப்பது என்பதிலும் தொடக்கத்திலிருந்தே நெகிழ்வு இருந்திருக்கிறது. திதாக்கே என்னும் மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், ஓடும் நீரில் கொடுக்கச் சொல்கிறது. இல்லையென்றால் வேறு நீர். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர். இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்கிறது. முழுக்கு அவசியம் என்பவரும் ஊற்றினால் போதும் என்பவரும் இந்த ஒரே நூலைத் தத்தம் பக்கத்துக்கு இழுத்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

இந்த வாதத்துக்காக உயிர் போன காலமும் உண்டு. 1525 ஜனவரி 21ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று நம்பிய சிலர் ஒரு வீட்டில் கூடினார்கள். கொன்ராட் கிரேபெல் என்பவர் ஜார்ஜ் பிளாவ்ராக்குக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். அன்று அது சபைப் பிரச்சினை மட்டுமல்ல, அரசுப் பிரச்சினை. பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் ஞானஸ்நானத்தின் வழியாகத்தான் ஊரின் உறுப்பினராகப் பதிவானது. நானே முடிவெடுக்கிறேன் என்பது நகர மன்றத்தின் காதில் கலகமாகவே விழுந்தது. அந்தக் குழுவில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸைப் பிடித்து, 1527 ஜனவரி 5ஆம் தேதி, கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் தள்ளி மூழ்கடித்தார்கள். தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை. கரையில் நின்ற அவருடைய தாயும் சகோதரனும் உறுதியாக இருக்கச் சொல்லிக் குரல் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது.

இன்று அதே கருத்து வேறுபாடு நம் வீடுகளில் அமைதியாக, ஆனால் வலிக்கும்படி நடக்கிறது. மூன்று தலைமுறையாக மெதடிஸ்டாக இருக்கும் குடும்பத்துப் பெண் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து மீண்டும் தண்ணீரில் இறங்கும்போது, 'அப்ப நாங்க உனக்குச் செஞ்சது ஒண்ணும் இல்லையா?' என்று தாய் கேட்கிறார். மகளின் சபைக்கு அது இரண்டாவது ஞானஸ்நானம் அல்ல, முதலாவது. தாயின் சபைக்கோ அது ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றை மறுப்பது. கத்தோலிக்கத் திருச்சபை இந்த இடத்தில் பலர் நினைப்பதைவிடத் தாராளமானது. தண்ணீராலும் மூவொரு கடவுளின் பெயராலும் முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தால், வேறு சபையில் பெற்ற ஞானஸ்நானத்தையும் அது ஏற்றுக்கொள்கிறது, திரும்பக் கொடுப்பதில்லை.

தண்ணீரே வேண்டாம் என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. இரட்சணிய சேனையில் தண்ணீர் ஞானஸ்நானம் வழக்கத்தில் இல்லை.

'இது வெறும் தண்ணீர்தான்'

நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1800 டிசம்பர் 28ஆம் தேதி, வங்காளத்தின் செராம்பூரில், கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் வில்லியம் கேரியின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். கை மூட்டு விலகி வலியோடு வந்தவருக்கு மிஷனரிகள் வைத்தியம் பார்த்ததில் தொடங்கிய பழக்கம் அது. அதற்குச் சில நாட்கள் முன்பு அவர் மிஷனரிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாதி போய்விட்டது என்று கூட்டம் அவரை வீதியில் இழுத்துப் போனது. ஞானஸ்நான நாளில் டேனிஷ் கவர்னரும் கரைக்கு வந்திருந்தார். ஹூக்ளி கங்கையின் ஒரு கிளை. கூடியிருந்தவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாதென்று, இந்த ஆற்றை நாங்கள் புனிதமாகக் கருதவில்லை, இது வெறும் தண்ணீர்தான் என்று கேரி அங்கேயே விளக்கிச் சொன்னார்.

தமிழரிடையே புராட்டஸ்டண்டு மரபு அதற்கு முன்பே தரங்கம்பாடியில் வேரூன்றியிருந்தது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்க் அடுத்த ஆண்டே சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மலாயாவுக்கு வந்த தமிழ் லூத்தரன்கள் அந்தத் தரங்கம்பாடி மரபைத்தான் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள்.

பெயர், பொட்டு, தாலி

பெயர் மாற வேண்டுமா? வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டில் அப்படி ஒரு விதி கிடையாது. விவிலியப் பெயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நம்மிடையே நிலைத்துவிட்ட வழக்கம், அவ்வளவே. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் என்ற பெருங்காப்பியம் எழுதியவர். ஹென்றி ஆல்பிரட் என்பது ஞானஸ்நானப் பெயர். ஆனால் கடைசிவரை அவர் கிருஷ்ண பிள்ளைதான். கிறிஸ்துவைப் பற்றிக் காப்பியம் எழுதிய கையெழுத்தில் கிருஷ்ணனும் இருந்தான். யாருக்கும் அது இடைஞ்சலாகப் படவில்லை.

பொட்டும் தாலியும் நகையும்தான் பெண்களுக்குப் பெரிய கேள்வி. இதில் சபைக்குச் சபை வேறுபாடு அதிகம். சில பெந்தெகொஸ்தே சபைகளில் ஞானஸ்நானத்துக்கு முன்பே நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கக் குடும்பங்களிலோ கல்யாணத்தில் தாலி கட்டுவதே வழக்கம். சிலுவையோ புறாவோ பொறித்த தாலி. ஆக, நகையைக் கழற்றுவது ஞானஸ்நானத்தின் பகுதி அல்ல, அந்தந்தச் சபையின் ஒழுங்கு. கணவர் இந்துவாகவே இருக்கும் வீட்டில் மனைவி தாலியைக் கழற்றி வைப்பது எப்படிப்பட்ட விளைவுகளைக் கொண்டுவரும் என்பது சொல்லாமலே விளங்கும். எந்தச் சபையில் சேர்கிறோமோ அங்கே இதை முதல் வாரமே கேட்டுவிடுவது நல்லது. கடற்கரையில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது.

பல சபைகளில் ஞானஸ்நானத்துக்கு முன் சில வார வகுப்பு இருக்கும். கூட்டத்தில் கை தூக்கியவரை அதே வாரம் தண்ணீரில் இறக்கும் சபைகளும் உண்டு. அவர்கள் அப்போஸ்தலர் நடபடிகளின் 8ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். வனாந்தர வழியில் ரதத்தில் போய்க்கொண்டிருந்த எத்தியோப்பிய அரசியின் கருவூல அதிகாரி, பிலிப்பு சொன்னதைக் கேட்டு, வழியில் தண்ணீரைக் கண்டதும், இனி என்ன தடை என்று கேட்டு அங்கேயே இறங்கிவிட்டார். உண்மைதான். ஆனால் அந்த அதிகாரி எருசலேமுக்கு வழிபடப் போய்த் திரும்பியவர், போகும் வழியெல்லாம் ஏசாயாவைப் படித்துக்கொண்டிருந்தவர். வகுப்பு அவருக்கு ஏற்கெனவே பாதி முடிந்திருந்தது. வீட்டில் தாய் தகப்பனுக்கு ஒன்றுமே தெரியாத இருபது வயதுப் பையனை அவரோடு ஒப்பிடுவது சரியாகாது. சில மாதம் காத்திருந்தால் குறைந்துபோகிற விசுவாசமென்றால், அது தண்ணீரில் இறங்கினாலும் நிற்காது.

சட்டம் சொல்வது

கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை வழங்குகிறது. முஸ்லிம்களிடையே வேறு சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டமியற்றலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அடையாள அட்டையில் இஸ்லாம் என்று இருக்கும் ஒருவர், அவர் தமிழராகவே இருந்தாலும், சாதாரணமாக ஒரு சபைக்குப் போய் ஞானஸ்நானம் கேட்டுவிட முடியாது. அது வேறு சட்டப் பாதை.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார் என்கிறது 12ஆவது பிரிவு. இந்திரா காந்தி வழக்கில் 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், பிள்ளையின் மதமாற்றத்துக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது இஸ்லாத்துக்கு மாற்றிய வழக்கு. இருந்தாலும், இடைநிலைப்பள்ளி மாணவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க விரும்பும் எந்தச் சபையும் இரு பெற்றோரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்வதே முறை. பிள்ளையிடம் 'வீட்டுல சொல்ல வேணாம்' என்று யாரேனும் சொன்னால், பெற்றோர் நேரே போய்க் கேட்கலாம்.

ஞானஸ்நானச் சான்றிதழ் சபை தரும் ஆவணம் மட்டுமே. அதனால் அடையாள அட்டையில் பெயர் தானாக மாறாது. மாற்ற விரும்பினால் தேசியப் பதிவுத் துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்துவும் கிறிஸ்தவரும் மணந்துகொள்ளவும் தடையில்லை. இருவருக்கும் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஒன்றுதான்.

தாய் கேட்கும் கேள்வி

சட்டத்துக்குள் அடங்காத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. 'நாளைக்கு நான் போயிட்டா, எனக்குக் கொள்ளி வைப்பியா?'

மூத்த மகனைப் பெற்ற தாய்க்கு இது வெறும் சடங்கைப் பற்றிய கேள்வி அல்ல. மொட்டை அடித்து, குடம் சுமந்து, பதினாறாம் நாள்வரை வீட்டில் இருந்து எல்லாவற்றையும் முடிக்கும் மகன் தனக்கு உண்டா என்பதே கேள்வி. கிறிஸ்தவ மகனால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதில் போதகர்கள் எல்லாரும் ஒன்றுபோல் பேசுவதில்லை. பாடை தூக்குவது, சுடலைவரை நடப்பது, செலவை ஏற்பது, துக்கத்துக்கு வந்தவர்களைக் கவனிப்பது இவற்றுக்குப் பொதுவாக யாரும் தடை சொல்வதில்லை. பிண்டம் வைப்பதும் படையல் போட்டுக் கும்பிடுவதும்தான் முடியாது என்பார்கள். கொள்ளி வைப்பதைச் சிலர் மரியாதையாகப் பார்க்கிறார்கள், சிலர் வழிபாடாகப் பார்க்கிறார்கள். சில குடும்பங்களில் பூசைக்குரியதைத் தம்பியோ அண்ணன் மகனோ செய்ய, மூத்தவர் மற்ற எல்லாவற்றிலும் முன்னே நிற்கிறார்.

பெற்றோரை விட்டுவிடுவதற்கு ஞானஸ்நானத்தைச் சாக்காகச் சொல்ல மட்டும் யாருக்கும் இடமில்லை. தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது பத்துக் கட்டளைகளில் ஒன்று. கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக் கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்ததை மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் காணலாம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு வீட்டுக்கு மாதப் பணம் அனுப்புவதை நிறுத்தியவரோ, தாயைப் பார்க்கப் போகாதவரோ இருந்தால், அந்த அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டலாம்.

சாப்பாட்டுச் சண்டையும் இதே வகைதான். தீபாவளிக்கு அம்மா படைத்த சோற்றை மகன் தொடாமல் எழுந்து போனால், அவமதிக்கப்படுவது சாமி அல்ல, அம்மா. கொரிந்து நகரத்தில் விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றி இதே குழப்பம் வந்தபோது, பவுல் அதை ஒரே வார்த்தையில் முடிக்கவில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார், மற்றவருடைய மனச்சாட்சியைப் பார்த்து நட என்றும் சொல்கிறார். பல வீடுகளில் தாய்மார்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். படையலுக்கு முன்பே ஒரு தட்டில் மகனுக்கு எடுத்து மூடி வைத்துவிடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் பேச ஏற்ற நேரம் ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரங்கள்தான். சாவு வீட்டில், பறை அடித்துக்கொண்டிருக்கும்போது, போதகர் ஒரு பக்கமும் மாமன் மறு பக்கமுமாக நின்று பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல இது. அழைப்பு அனுப்பும் பிள்ளை நேரில் வந்து உட்கார்ந்து, அம்மா, நான் இதைச் செய்யப்போகிறேன், உனக்கு இன்னின்னது செய்வேன், இது மட்டும் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டால், கரைக்கு வருகிற தாயின் முகம் வேறாக இருக்கும். வராத தாய்கூட, வராததற்கான காரணத்தையாவது சொல்வார்.

போவது என்று முடிவெடுத்த பெரியம்மாவுக்கு: பட்டுச்சேலை வேண்டாம், கடற்கரையில் மணலும் உப்புக் காற்றும் அதைக் கெடுத்துவிடும். பணக்கவர் எதிர்பார்க்க மாட்டார்கள், கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பாட்டு வேளையில் எழுந்து நிற்கும்போது கூட நின்றால் போதும், கண்ணை மூட வேண்டியதில்லை. எல்லாரும் நனைந்து முடிந்ததும் மரத்தடியில் மீகூனும் தேநீரும் இருக்கும். ஒரு பெரிய துண்டு எடுத்துப் போவது நல்லது. கடலிலிருந்து ஏறி வருகிறவர்களில் ஒருவராவது துண்டு கொண்டுவர மறந்திருப்பார்.